பதினேழாம் இலக்கத் தகவலாளர்

மகன், உன்னுடைய பட்டமளிப்பு விழாவுக்கான அழைப்பு வந்து சேர்ந்தது. விசாவுக்கு என்னென்ன கடதாசி வேண்டும், எந்த விமானத்தில் ஏற வேண்டும், அங்கத்தைய குளிருக்கு என்ன உடுப்பு எடுக்க வேண்டும் என்று நீ ஒவ்வொன்றாக எழுதியிருந்ததை இரண்டு தரம் வாசித்தேன். நான் வரப்போவதில்லை. உடம்புக்கு முடியவில்லையாக்கும் என்று நினைத்துவிடாதே. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. கோபத்தில்தான் வரவில்லை. அந்தக் கோபம் என்னவென்று தொலைபேசியில் சொல்லப் பார்த்தேன், நீ நாலு தரமும் "அம்மா, பிறகு கதைப்பம்" என்று வைத்துவிட்டாய். ஆகவே எழுதுகிறேன், அதையும் எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதினால் "அம்மாவுக்கு வயது போகுது, கோபமும் கூடுது" என்று மடித்து வைத்துவிடுவாய். உன்னைப் போல இன்னும் எத்தனையோ பிள்ளைகள் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, பிறர் கூடிப் பேசுகிற குழுக்களுக்குள் சத்தமில்லாமல் இருந்து குறிப்பெடுக்கிறார்களாம். அவர்களுடைய தாய்மாரும் இதை வாசிக்கட்டும்.

இந்தக் கடிதத்தில் வருகிற பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதி முடித்ததை அவளுடைய ஊரான உன்னிச்சைக்குக் கொண்டுபோய், அவள் முன்னால் இருந்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தை வெட்டச் சொன்னாள், வெட்டிவிட்டேன். எந்த இடமென்று உனக்கும் சொல்ல மாட்டேன். ஊரின் பெயரை எடுத்துவிடட்டுமா என்று கேட்டதற்கு, "இனி என்னத்தக்கா மறைக்க? உன்னிச்சை எண்டே இருக்கட்டும்" என்றாள். தன் பெயரை மட்டும் மாற்றச் சொன்னாள், மாற்றுப் பெயரையும் தானே தெரிந்தெடுத்தாள். "ராணி எண்டு வையுங்க. கடிதத்திலயாவது ராணியா இருந்து பாப்பம்." இவ்வளவுக்கும் எனக்கு ஒரு பகலும் இரண்டு பஸ் பயணமும்தான் தேவைப்பட்டன. உனக்கு மூன்று வருடமும் ஒரு முழுப் பல்கலைக்கழகமும் இருந்தன.

நீ ஆராய்ச்சி செய்த அந்தப் பொட்காஸ்டைப் பற்றி, வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். மட்டக்களப்பு நகரத்தில் தையல் வேலை செய்கிற ஒரு பெண் கிழமைக்கு ஒரு தரம் தன் தொலைபேசியிலேயே பேசிப் பதிந்து விடுவாள். இறால் பொரியலில் தொடங்குகிற பேச்சு கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைக் கேட்கிற பெண்களுக்கு வட்ஸ்அப்பில் ஒரு குழு. காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கிறவர், வாவிக்கரையில் மீன் துப்பரவு செய்துகொண்டு கேட்கிறவள், குவைத்தில் யாரோ ஒருவருடைய சமையலறையில் நின்று கேட்கிறவள், நான், ராணி என்று நூற்றுச் சொச்சம் பேர். புதிதாக வருகிறவள் முதலில் தன் குரலில் தன்னைச் சொல்லவேண்டும், இன்னார், இன்ன இடம், இப்போது என்ன வேலை செய்துகொண்டு கேட்கிறேன் என்று. நான், "தபாற்கந்தோரில இருந்து பென்சன் எடுத்தவ, கீரை ஆய்ஞ்சுகொண்டு கேக்கிறன்" என்று சொன்னேன். குழுவில் ஒருத்தி அனுப்பிய குரலை நிகழ்ச்சியில் போடவேண்டுமென்றால் அந்தத் தையல்காரப் பெண் மூன்று தரம் கேட்பாள். அனுப்பியவுடன் ஒரு தரம், வெட்டித் திருத்தியதைத் திருப்பி அனுப்பி ஒரு தரம், போடுவதற்கு முதல் நாள் இன்னொரு தரம். "போடட்டா அக்கா? மனம் மாறினாச் சொல்லுங்க, வேற ஒண்டு போடுவம்." அவள் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவள். இது முறை, இது முறையில்லை என்று அவளுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

அந்தக் குழுவுக்குள்தான் ஒரு நாள் மத்தியானம் ராணி ஏழு நிமிடக் குரல் ஒன்றை அனுப்பினாள். அவளுடைய புருசனைச் சண்டைக் காலத்தில், மகள் பாலர் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. அவர் வருவார் என்று சொல்லிச் சொல்லியே மகளை வளர்த்தாள், நெற்றியில் பொட்டும் அப்படியே இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையைக் கட்டிக் கொடுக்கும்போது வீட்டையும் அவள் பெயரில் எழுதிக் கொடுக்கவேண்டும். காணியோ குளத்துக் குடியேற்றத்தில் அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தோடு கொடுத்த பேமிட் காணி, புருசனின் பெயரில் இருந்தது. அதை மகளுக்கு மாற்றவேண்டுமானால் மரணச் சான்றிதழ் வேண்டும் என்று கந்தோரில் சொல்லிவிட்டார்கள். ராணி யாருக்கும் சொல்லாமல் போய், அவர் இறந்துவிட்டார் என்று கையெழுத்து வைத்தாள். மகளுக்கும் சொல்லவில்லை. கையெழுத்து வைத்து எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, முகம் தெரியாத நூறு பெண்களுக்கு மட்டும் அதைச் சொன்னாள். தையல்காரப் பெண் உடனே பதில் போட்டாள்: "இது நமக்குள்ள இருக்கட்டும் அக்கா. நான் போடமாட்டன்." அதற்குப் பிறகு குழுவில் அதைப் பற்றி ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அடுத்த நாள் ராணிக்கு எத்தனை பேர் சும்மா "சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்டார்கள் தெரியுமா? உனக்குத் தெரியும். நீயும் அங்கேதான் இருந்தாய்.

உன்னை உள்ளே விட்டது நான்தான். அதை ஒளிக்கப் போவதில்லை. "ஊர்ப் பேச்சுக் கேக்க ஆசையா இருக்கம்மா, அந்த லிங்க்க அனுப்புங்க" என்று நீ கேட்டபோது எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அவ்வளவு தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு நம் பேச்சின்மேல் ஏக்கம் வந்ததே என்று நினைத்தேன். நீ ஒற்றை எழுத்தைப் பெயராக வைத்து, ஒரு தாமரைப் பூப் படத்தோடு வந்து இருந்தாய். குரல் கொடுக்கவில்லை. யாரென்று அவர்கள் கேட்டபோது "எங்கட ஆள்தான், கூச்சம் கூட" என்று நானே பிணை நின்றேன். பிறகு ஒரு நாள் ராணியின் குரலிலிருந்து ஒரு துண்டை எனக்கு அனுப்பி, "அம்மா, இதில என்ன சொல்லுறா எண்டு விளங்கல்ல, எழுதி அனுப்புங்க" என்றாய். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திருப்பித் திருப்பிக் கேட்டு, ஒரு சொல் விடாமல் எழுதி அனுப்பினேன். அவளுக்கு ஏதோ உதவி செய்யப்போகிறாய் என்று நினைத்தேன். இன்றைக்கு உன் ஆய்வேட்டின் நன்றியுரையில் என் பெயர் இருக்கிறது, எழுத்துப் பிழைகூட இல்லாமல். அதைப் பார்த்து எனக்கு வந்த வெட்கத்தை எழுத்தில் வைக்க என்னால் முடியாது.

இந்த வெட்கம் எனக்குப் புதிதுமில்லை. உனக்கு இதை நான் இதுவரை சொன்னதில்லை. நான் உப தபாற்கந்தோரில் இருந்த காலத்தில் வாசிக்கத் தெரியாத பெண்களுக்குக் கடிதம் வாசித்துக் கொடுப்பேன். சவூதியிலிருந்து மகன் எழுதிய கடிதத்தை ஒரு அம்மாவுக்கு வாசித்தேன். அங்கே அவனுக்கு ஒரு சிக்கல். அம்மா கேட்டுவிட்டு, கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். நாலைந்து நாள் கழித்து அவர் முத்திரை வாங்க வந்தபோது, வரிசையில் நின்ற மூன்று பேருக்கு முன்னால், "என்னம்மா, தம்பிட பிரச்சினை முடிஞ்சதா?" என்று கேட்டுவிட்டேன். அன்பாகத்தான் கேட்டேன். நான் பொய் சொல்லவில்லை, கடிதத்தில் இருந்த ஒரு வரியைக்கூட வெளியில் சொல்லவில்லை. ஆனால் பிரச்சினை என்று ஒன்று இருக்கிறது என்பது அந்த மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. அம்மா முத்திரையை வாங்காமலே போனார். அதற்குப் பிறகு அவர் கடிதம் வாசிப்பிக்க வெயிலில் நடந்து அடுத்த ஊர்த் தபாற்கந்தோருக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். நான் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்" என்று எனக்குள்ளேயே வழக்காடிக்கொண்டு இருந்துவிட்டேன். நீயும் இப்போது அதே வழக்கைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறாய். உன்னுடைய சட்டத்தரணி மட்டும் என்னுடையவரைவிடப் படித்தவர்.

அந்த ஆய்விலிருந்து நீ அச்சில் போட்ட கட்டுரைக்கு வருகிறேன். ராணியை "பதினேழாம் இலக்கத் தகவலாளர்" என்று எழுதியிருக்கிறாய். பெயரை மாற்றினாய். வயதில் ஐந்தைக் கூட்டினாய். ஊரின் பெயரை எடுத்துவிட்டு "ஒரு குளத்தை அண்டிய கிராமம்" என்று போட்டாய். இவ்வளவும் செய்துவிட்டு, அவள் எந்தக் குடி, தாய்வழியில் எந்த வம்சம் என்பதையும், ஊர்க் கோயில் சடங்கில் அந்தக் குடிக்கு எந்த நாள் பங்கு என்பதையும் அப்படியே விட்டுவைத்தாய். மகன், நீ எங்கே பிறந்தாய்? கல்யாணம் பேச வருகிறவர்கள் பெண்ணின் பெயரைக் கேட்க முதல் குடியைக் கேட்கிற ஊர் இது. தாயின் குடிதான் பிள்ளைக்கு. குடியும் கோயிற்பங்கும் தெரிந்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் வீடு வளவு தெரியும். இதில் "கணவன் காணாமல் ஆக்கப்பட்டவர், ஒரே மகள், பால் விற்கிறார்" என்றும் எழுதிவிட்டாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போல ஒரு மறைப்பு. ஏன் விட்டாய் என்றும் எனக்குத் தெரியும். தாய்வழிக் குடிமுறை என்று ஒரு பந்தி எழுதினால் உன் பேராசிரியர்களுக்குப் பிடிக்கும். வெளிநாட்டுக்காரன் ஒருவன் இதைச் செய்திருந்தால் தெரியாமல் செய்துவிட்டான் என்று விட்டுவிடலாம். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

இங்கே கம்பஸில் படிக்கிற ஒரு பிள்ளை உன் கட்டுரையை வாசித்து, பெருமையோடு, தமிழில் சுருக்கி முகப்புத்தகத்தில் போட்டது. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன், அச்சில் வந்ததைத்தான் போட்டது. கீழே ஒருவர் இந்தக் குடி எங்கே இருக்கிறது என்று எழுதினார். இன்னொருவர் அந்தச் சடங்கு நாள் எந்தக் கோயிலில் என்று எழுதினார். மூன்றாவது ஆள் சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டு ராணியின் உண்மைப் பெயரையே எழுதிவிட்டார். அரை நாள்கூட ஆகவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது உனக்குத் தெரியாதா? ராணியின் மகள் அதைத் தன் தொலைபேசியில் வாசித்துவிட்டு, எழுந்து வந்து தாயிடம் ஒரு கேள்விதான் கேட்டாளாம்: "அப்பாவ நீங்களே கையெழுத்து வச்சுச் சாகடிச்சீங்களா?" அன்றிலிருந்து பேச்சில்லை. ஒரே வளவு. முன்னால் மகளுக்குக் கொடுத்த கல்வீடு, பின்னால் ராணி இருக்கிற சின்னக் கொட்டில். இடையில் இருபது அடி. கல்வீட்டின் குசினிக் கதவு பின்பக்கம்தான் திறக்கும். இப்போது அதை உள்ளே பூட்டி வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் சொல்லத் தொடங்கியபோது, தொலைபேசியை வைக்க முதல் நீ தந்த பதில்களை நான் மறக்கவில்லை. "அம்மா, அது பொதுவெளி. லிங்க் இருந்தா ஆரும் வரலாம்." திருவிழாக் காலத்தில் அமிர்தகழியில் தீர்த்தக்குளத்துக்கும் ஆரும் வரலாம், மகன். அங்கே ஈரச்சேலையோடு நின்று ஒரு பெண் தன் தமக்கையிடம் சொல்வதைப் பின்னால் நின்று எழுதி அச்சடிப்பவனை ஊர் என்ன செய்யும்? அடுத்தது, "எதிக்ஸ் கமிட்டி அனுமதி தந்தது." தந்திருக்கும். அந்தப் படிவத்தை நீயே எனக்கு அனுப்பினாய். 'பங்குபற்றுவோருக்கான ஆபத்து' என்ற இடத்தில் 'மிகக் குறைவு' என்று நீதான் எழுதியிருக்கிறாய். அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில் எத்தனை பேருக்குக் குடி என்றால் என்னவென்று தெரியும்? ஒருவருக்கும் தெரியாது. அந்த அறையில் தெரிந்தவன் நீ ஒருவன்தான், நீயே வாயை மூடிக்கொண்டிருந்தாய். பிறகு, "சொல்லியிருந்தா அவங்க இயல்பாக் கதைச்சிருக்க மாட்டாங்க." ஓம், கதைத்திருக்க மாட்டார்கள். கதைக்காமல் இருப்பது அவர்களுடைய உரிமை. அதைத்தான் நீ எடுத்துக்கொண்டாய்.

நான் ஆராய்ச்சிக்கு எதிரியில்லை. எங்கள் பெண்கள் எப்படிக் கூடிப் பேசுகிறார்கள், ஒரு குரல் இன்னொரு குரலை எப்படித் தாங்குகிறது என்று உலகம் அறியவேண்டும் என்றால் எனக்கும் ஆசைதான். முதல் நாளே உன் குரலில், "நான் இன்னாருடைய மகன், ஆண்பிள்ளை, உங்களைப் பற்றி எழுத வந்திருக்கிறேன், இருக்கலாமா?" என்று கேட்டிருக்கலாம். ஒருவேளை போ என்றிருப்பார்கள். ஒருவேளை இரு என்று சொல்லி, எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று அவர்களே உனக்குக் காட்டியிருப்பார்கள். எழுதியதை அச்சுக்கு முதல் அவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டியிருக்கலாம். ராணி ஒரே நிமிடத்தில், "குடிய எடுங்க தம்பி" என்று சொல்லியிருப்பாள். பொட்காஸ்டில்கூடப் போடமாட்டேன் என்று அந்தத் தையல்காரப் பெண் வைத்துவிட்ட ஒன்றை, நீ உலகத்துக்கே போட்டாய். அவள் இப்போது குழுவை மூடிவிட்டாள். நிகழ்ச்சியும் இல்லை. குவைத்தில் இருக்கிற பிள்ளை எனக்குத் தனியாக எழுதிக் கேட்டாள், "அக்கா, அந்தத் தாமரைப் பூ உங்கட ஆள் எண்டு சொன்னீங்களே" என்று. அவ்வளவுதான் எழுதினாள்.

போன கிழமைக்கு முதற்கிழமை, முதல் தரம் உன்னிச்சைக்குப் போனேன். ராணியை அதுவரை நேரில் கண்டதில்லை, குரல் மட்டும்தான் பழக்கம். நெற்றியில் பொட்டில்லை. "ஊரே வாசிச்ச பிறகு ஆருக்குக்கா பொட்டு?" என்றாள். நான் இருக்க முதலே, நின்றபடியே சொன்னேன்: "அத எழுதினது என்ட மகன். உள்ளுக்கு விட்டது நான்." அவள் போய் அடுப்பை மூட்டித் தேத்தண்ணி வைத்தாள். ஏசினால் நன்றாக இருக்கும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவள் ஏசவில்லை, கேள்வி கேட்டாள்.

"உங்கட மகன் என்ட குரலக் கேட்டவரா, இல்லாட்டி எழுத்த மட்டும் வாசிச்சவரா?"

"கேட்டவன்."

"ஏழு நிமிசமும்?"

"ஏழு நிமிசமும்."

"அப்ப நான் அழுததையும் கேட்டிருப்பார் என்ன. அது ஏனக்கா அதில இல்ல?"

உன் கட்டுரையில் அவள் மூன்று வரி. 'கணவரின் மரணத்தை ஆவணத்தில் ஏற்று, பொதுவில் மறுத்து வாழும் தந்திரோபாயம்' என்று எழுதியிருக்கிறாய். தந்திரோபாயமாம்! மற்ற ஆறரை நிமிடமும் உனக்குத் தேவைப்படவில்லை.

"அவருக்கு நான் ஒப்பாரி வச்சதில்லக்கா" என்றாள் ராணி. "வச்சா செத்துட்டார் எண்டு ஆகிடும். புள்ளைக்கு முன்னால ஒரு நாளும் அழல்ல. அந்த ஒரு தரம்தான், போனுக்கு. அவரப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் அண்டைக்குத்தான். முகப்புத்தகத்தில வந்த அண்டு பயத்தில எல்லாத்தையும் அழிச்சுப்போட்டன். மறுகா அந்தத் தையல்காரத் தங்கச்சியும் எல்லாரையும் அழிக்கச் சொல்லிட்டுக் குழுவ மூடிட்டா. இப்ப அது எங்கக்கா இருக்கு?"

"என்ட மகனிட்ட இருக்கு" என்றேன்.

"அதக் கொண்டுவரச் சொல்லுங்க. என்ட மகள் கேக்கட்டும். நான் கையெழுத்து வச்சது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்."

இவ்வளவுதான் அவள் கேட்டது. மன்னிப்புக் கேட்கவில்லை, வழக்குப் போடுகிறேன் என்று சொல்லவில்லை. மற்றதெல்லாம் நான் சொல்கிறேன். கட்டுரையைத் திருப்பி எடு. ஏன் எடுக்கிறாய் என்பதை மழுப்பாமல் உன் பல்கலைக்கழகத்துக்கு எழுது. பட்டம் தள்ளிப்போகும் என்றால் தள்ளிப்போகட்டும். நன்றியுரையிலிருந்து என் பெயரை வெட்டு. அந்தக் குரலை வட்ஸ்அப்பில் அனுப்பாதே, எனக்கும் அனுப்பாதே, நான் இனி உனக்குப் பிணை நிற்க மாட்டேன். நீயே வா. எனக்கு எடுக்க வைத்திருந்த டிக்கட்டுக்குப் பதிலாக உனக்கு ஒன்று எடு. ராணியின் மகள் உன்னைக் கண்டபடி ஏசக்கூடும், அவளுடைய புருசன் கை நீட்டவும்கூடும். பதில் சொல்லாமல் நில். ராணி உன்னிடம் பேசாமலே இருக்கலாம், அதற்கும் நில். மகள் அந்தக் குரலைக் கேட்டு முடித்த பிறகு உன்னிடம் இருக்கிற பிரதியை அழிப்பதா வைப்பதா என்று ராணி சொல்வாள், அதன்படி செய்.

ஒரு பெண் தன் புருசனுக்காக வாழ்நாளில் ஒரே ஒரு தரம் அழுதாள், மகன். அந்த அழுகை இப்போது உன் கணினிக்குள் பதினேழு என்று இலக்கம் போட்டுக் கிடக்கிறது. கொண்டுவந்து அவள் கையில் கொடு.

அம்மா